என் சைக்கிளை விழுங்கிய சக்கரம்

சைக்கிளுக்கு இரண்டு சக்கரம் ஜாஸ்தி என்று ஆம்பூரில் முதன்முதலாகக் கண்டுபிடித்தவர் என் வீட்டுக்காரர். அந்தப் பெருமையை அவரிடமிருந்து யாரும் பறிக்க முடியாது. பறிக்க யாரும் போட்டிக்கு வந்ததாகவும் தெரியவில்லை. கண்டுபிடித்ததோடு நின்றிருந்தால் இதை எழுத வேண்டிய வேலை எனக்கில்லை. ஜாஸ்தியாக இருக்கும் சக்கரத்தை எந்தச் சைக்கிளிலிருந்து குறைப்பது என்று அவர் யோசித்தபோது, வீட்டில் இருந்தது என் சைக்கிள் ஒன்றுதான்.

என் சைக்கிள் என்று சொல்வதும் முழுக்கச் சரியில்லை. அது மிஷன் சைக்கிள். ஊருக்குத் திரும்பிப்போன ஒரு வெள்ளைக்கார நர்ஸ் விட்டுவிட்டுப் போனது. நடுக்கம்பி கிடையாது, அதனால் சேலையோடு ஏறலாம். வேலூரில் இரண்டு வருஷம் டீச்சர் டிரெயினிங் முடித்து வந்த எனக்கு, பாலாற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில் பெண்கள் பள்ளிக்கூடத்தைக் கொடுத்திருந்தார்கள். பள்ளிக்கூடம் என்றால் ஓர் ஓட்டு வீடு, ஒரு கரும்பலகை, வாசலில் ஒரு புளியமரம். தலைமை ஆசிரியை, உதவி ஆசிரியை, மணி அடிக்கிற ஆள் எல்லாம் நானேதான். வீட்டிலிருந்து நாலு மைல். ஒன்பது மணிக்கு நான் அங்கே இருக்க வேண்டும் என்பது துரைசாணி அம்மாவின் சட்டம். மிஷன் பள்ளிக்கூடங்களையெல்லாம் மேற்பார்வையிட்ட வெள்ளைக்கார அம்மாளைத்தான் நாங்கள் அப்படிச் சொல்வோம். சட்டத்தைப் போட்டவரே, அதைக் காப்பாற்ற வசதியாகச் சைக்கிளையும் கொடுத்தார். அந்த மட்டில் நியாயமான மனுஷி.

மூன்று வருஷமாக நான் தற்காலிகம். இன்ஸ்பெக்டர் வந்து பார்த்து நல்லபடியாக எழுதிவிட்டுப் போனால் வேலை நிரந்தரம். பிள்ளைகள் கம்மி, பாடம் மோசம் என்று எழுதினால் சர்க்கார் கொடுக்கிற கிராண்ட் பணம் போய்விடும், பள்ளிக்கூடமும் போய்விடும், கூடவே நானும். இவ்வளவுதான் விஷயம். இதைத் தெரியாதவர்கள் எங்கள் வீட்டில் யாரும் இல்லை. வீட்டில் இருந்ததே இரண்டு பேர்.

நான் சைக்கிள் ஓட்டிய முதல் வாரம், பஜாரில் கடைக்காரர்கள் கல்லாவை விட்டு எழுந்து வெளியே வந்து நின்றார்கள். நான் விழுவேன் என்று ஒரு வாரம் காத்திருந்தார்கள். விழவில்லை. கால் வலித்து உள்ளே போய் உட்கார்ந்துகொண்டார்கள். அதற்கப்புறம் என்னை யாரும் கண்டுகொள்ளவில்லை. சொன்னால் சிரிப்பீர்கள், அந்த நாலு மைலில்தான் நான் மிகவும் சந்தோஷமாக இருந்தேன். ஆற்று மணலில் தள்ளிக்கொண்டு போகிற நேரம் உட்பட. அங்கே நான் யாருடைய மனைவியும் இல்லை, பள்ளிக்கூடத்துக்குப் போகிற ஒரு ஆள், அவ்வளவுதான்.

என் வீட்டுக்காரர் தோல் பதனிடுகிற ஷாப்பில் பெல்ட் மேஸ்திரி. ஷாப்பில் புதிதாக ஓர் எண்ணெய் என்ஜினும், தோலைப் போட்டுச் சுற்றுகிற மூன்று பெரிய மர டிரம்களும் வந்திருந்தன. என்ஜினுக்கும் டிரம்முக்கும் நடுவே ஓடுகிற தோல் பெல்ட்டுகள் இவர் பொறுப்பு. பெல்ட் அறுந்தால் டிரம் நிற்கும். டிரம் நின்றால் வேலை நிற்கும். வேலை நின்றால் முதலாளி சாயபு நிற்க மாட்டார், குதிப்பார். அவர் குதிக்காதபடி பார்த்துக்கொண்டவர் என்பதால் இவருக்கு ஷாப்பில் மரியாதை. உலகத்தில் தோலால் செய்ய முடியாத காரியம் எதுவும் இல்லை என்பது இவருடைய விசுவாசம். ஞாயிற்றுக்கிழமை மிஷன் கோயிலில் சொல்கிற விசுவாசப் பிரமாணத்தில் அதைச் சேர்க்கவில்லையே என்று மனதுக்குள் குறை இருந்திருக்கலாம்.

வினை வந்தது என்ஜின் சாமான் வந்த ஒரு மரப்பெட்டியில். சாமான் உடையாமலிருக்க உள்ளே பழைய இங்கிலீஷ் பத்திரிகைத் தாள்களைச் சுருட்டித் திணித்திருந்தார்கள். ஷாப்பில் எல்லோரும் சாமானைப் பார்த்தார்கள். இவர் மட்டும் தாளைப் பார்த்தார். சாயங்காலம் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்து எடுத்துவந்தார்.

"டீச்சரம்மா, இத்த கொஞ்சம் படி. இன்னா போட்டிருக்கான் பாரு."

என்னைக் கேலி செய்ய ஆரம்பித்த பெயர்தான் டீச்சரம்மா. பிறகு அதுவே நிலைத்துவிட்டது. கேலியில் பாதி பெருமை என்று எனக்குத் தெரியும், அதனால் நானும் விட்டுவிட்டேன்.

தாளில் ஒரு படம். ஆள் உயரத்துக்கு ஒரு பெரிய வளையம். அதற்குள்ளே ஒரு வெள்ளைக்காரன் தொப்பி போட்டுக்கொண்டு, மீசையோடு, பெடலை மிதித்தபடி உட்கார்ந்திருந்தான். முன்னால் சக்கரம் இல்லை, பின்னால் சக்கரம் இல்லை. அவன்தான் சக்கரத்துக்குள்ளே இருந்தான். கீழே நாலு வரி. வளையத்தின் உட்பக்கம் சின்ன உருளைகள் மேல் ஒரு சட்டம் உட்கார்ந்திருக்கும், அந்தச் சட்டத்தில்தான் சீட்டும் பெடலும் என்று படித்துச் சொன்னேன். மிதிக்க மிதிக்கச் சட்டம் வளையத்தின் முன்பக்கமாக ஏறப் பார்க்கும். ஏறவிடாமல் ஆளின் கனம் கீழே இழுக்கும். அந்தத் தகராறில் வளையம் முன்னால் உருளும். மூன்று வரி படித்துவிட்டு நாலாவது வரிக்கு வந்தேன்.

"போதும் போதும்," என்றார். "மீதி எனக்குப் புரிஞ்சிடுச்சி."

நாலாவது வரி, இந்த வண்டியை எப்படி நிறுத்துவது என்பது இன்னும் சரியாகத் தெரியவில்லை என்று சொன்னது. கேட்காதவருக்குச் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று நானும் தாளை மடித்துக் கொடுத்துவிட்டேன். அது நான் செய்த தப்பு. ஒப்புக்கொள்கிறேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கொல்லன் பட்டறையில் ஒரு மாட்டு வண்டிச் சக்கரத்து இரும்புப் பட்டாவைப் பிரித்து, இன்னொரு பட்டாவோடு சேர்த்து அடித்து வளையம் தயாரானது. உருளைக்கு ஷாப்பில் பழைய கப்பிகள் கிடைத்தன. சட்டத்துக்குக் கருவேலங்கட்டை. சீட்டு, பெடல், சங்கிலி மட்டும் எங்கேயும் கிடைக்கவில்லை என்றார். எங்கேயும் என்று சொன்னபோது அவர் கண் வாசலில் சாய்த்திருந்த என் சைக்கிள் மேல் இருந்தது.

"ஒரே ஒரு வாரம், டீச்சரம்மா. சங்கிலி, பெடலு, சீட்டு. மத்ததெல்லாம் உன்னுதுதான்."

"மத்ததுன்னா ரெண்டு சக்கரமும் மணியும்."

"மணி வேணாம்னா அத்தயும் குடு."

"நான் பள்ளிக்கூடத்துக்கு எப்படிப் போறது?"

"ஒரு வாரந்தான. நடந்தா ஒடம்புக்கு நல்லது. அப்புறம் நீயே இதுல போவலாம். சேலை சக்கரத்துல மாட்டுது, சேலை சக்கரத்துல மாட்டுதுன்னு தினம் பொலம்புறியே. நீயே சக்கரத்துக்குள்ள உக்காந்துட்டா சேலை எதுல போய் மாட்டும்?"

 அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, இந்த வண்டி முழுக்க முழுக்க என் நன்மைக்காகக் கட்டப்படுகிறது என்று. மிஷன் சாமானைத் தொடக் கூடாது என்று சொல்லிப் பார்த்தேன். மிஷன் சாமான் எங்கேயும் போகவில்லை, ஒரு வண்டியிலிருந்து இன்னொரு வண்டிக்கு மாறுகிறது, இரண்டும் நம் வீட்டில்தான் இருக்கிறது என்றார்.

முதலாளி சாயபு ஒரு நாள் வந்து வளையத்தைச் சுற்றிவந்து பார்த்தார்.

"மேஸ்திரி, இதுல இன்னா பிரயோஜனம்?"

"ஸ்பீடு, பாய்."

"ஸ்பீடா எங்க போவணும் நீ? உன் வீடும் ஷாப்பும் எதிரெதிர்ல இருக்குது."

அப்படிச் சொன்னாரே தவிர, இரும்பு வளையம் கல்லில் வழுக்குகிறது, சத்தம் பேஜார் பண்ணுகிறது என்று இவர் குறைப்பட்டபோது, கழித்துப்போட்ட ஓர் எருமைத் தோலை எடுத்துக்கொள்ளச் சொன்னவரும் அவர்தான். பதப்படுத்திய தோல் போட்டால் இழுபட்டு நீண்டுகொண்டே போகும் என்று இவர் கணக்குப் போட்டார். பதப்படுத்தாத பச்சைத் தோலை ஈரத்தோடு இழுத்து வளையத்தின்மேல் தைத்துவிட்டால், காயக் காய இறுகிப் பிடித்துக்கொள்ளும், உளிகூட இறங்காது. ஷாப்பில் எல்லோரும் தலையாட்டினார்கள். நூறு பேர் இருப்பார்கள். பச்சைத் தோலைத் தண்ணீரில் ஊறப்போட்டு இளகவைப்பதுதான் அந்த நூறு பேருக்கும் தினப்படி வேலை. அதற்குத்தான் வாரம் ஒருமுறை சம்பளம். காய்ந்த பச்சைத் தோல் நனைந்தால் என்ன ஆகும் என்று அவர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. தோலைத் தொடாத நான் கேட்டேன்.

"நனைஞ்சா?"

"எதுல நனையும்? பாலாத்துல ஏது தண்ணி?"

இதில் அவரைக் குறை சொல்ல முடியாது. பாலாற்றைப் பார்த்தவர்கள் யாரும் அப்படித்தான் சொல்வார்கள்.

முதல் ஓட்டம் ஷாப்பின் பின்னால், தோல் பதனிட ஆவாரம்பட்டை காயவைக்கிற களத்தில். வெள்ளை வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு உள்ளே ஏறி உட்கார்ந்தார். இரண்டு பேர் பிடித்துத் தள்ளினார்கள். வண்டி போனது. போனது என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் அதில் உட்கார்ந்தவருக்கு எதிரே தெரிவது, மூக்குக்கு முன்னால் ஒரு சாண் தூரத்தில் மேலிருந்து கீழே இறங்கிக்கொண்டே இருக்கிற வளையம் மட்டும்தான். வழி தெரியாது. பட்டைக் குவியல் வருகிறது என்று எல்லோரும் கத்தினார்கள். இவர் தோலால் செய்து மாட்டியிருந்த பிரேக்கைப் பிடித்தார். உள்சட்டம் வளையத்தோடு இறுகிக்கொண்டது, ஆனால் வளையம் நிற்கவில்லை. மேஸ்திரி சீட்டோடு மேலே போனார், தலைகீழாக வந்தார், கீழே போனார், மறுபடியும் மேலே வந்தார். வேட்டி மட்டும் முன்னாலேயே இறங்கிக்கொண்டது.

களத்தில் நின்ற ஒருவர் நிதானமாகச் சொன்னார். "மேஸ்திரி, நிறுத்திடாதீங்க. இன்னும் ரெண்டு சுத்து சுத்துனா பதமாயிடுவீங்க."

அன்று நானும் சிரித்தேன். வயிறு வலிக்கச் சிரித்தேன். மறுநாள் காலை நாலு மைல் நடந்தபோது சிரிப்பு வரவில்லை.

ஒரு வாரம் என்பது மூன்று வாரமானது. நாலு மைல் நடப்பது பெரிதில்லை. சமைத்து, இறக்கி, கட்டிவைத்துவிட்டு, அதற்கப்புறம் நாலு மைல் நடந்து ஒன்பதுக்குள் போய்ச் சேருவதுதான் பெரிது. இரண்டு நாள் தாமதமாகிவிட்டது. அந்த இரண்டு நாளில் ஒரு நாள், துரைசாணி அம்மா எனக்கு முன்னாலேயே வந்து புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். அவர் தமிழ் எங்களைவிடச் சுத்தம்.

"மகளே, ஒன்பது மணிக்குப் பின் வருகிற ஆசிரியை தன் மாணவிகளுக்கு எதைக் கற்பிக்கிறாள்?"

எதைக் கற்பிக்கிறாள் என்று எனக்குத் தெரியும். இரவல் கொடுத்தால் திரும்பி வராது என்று கற்பிக்கிறாள். மணியை எடுத்து அடித்தேன். வரும் வியாழக்கிழமை இன்ஸ்பெக்டர் வருகிறார், அதற்கப்புறம் பார்க்கலாம் என்று அவர் எழுந்து போனார். பார்க்கலாம் என்றால் என்ன என்று அன்று சாயங்காலம் ஆற்றைத் தாண்டுகிற வரைக்கும் யோசித்துக்கொண்டே வந்தேன். பயமாக இருந்தது.

புதன்கிழமைக்குள் சங்கிலி வேண்டும் என்று கறாராகச் சொல்லிவிட்டேன். சரி என்றார். புதன்கிழமை சாயங்காலம் வந்து கேட்டால், தலையைச் சொறிந்தார்.

"சங்கிலி நீளம் ஜாஸ்தியா இருந்துச்சி. எட்டு கண்ணி எடுத்துட்டேன்."

"எடுத்தத இன்னா பண்ணீங்க?"

"என்ஜின்ல ஒரு எடத்துக்குத் தேவைப்பட்டுச்சி. ஆணி அடிச்சி முறுக்கியாச்சி. இப்ப எடுக்க முடியாது."

அன்று நான் பேசியதையெல்லாம் எழுத மாட்டேன். மூன்று வருஷம் தற்காலிகமாக இருந்ததைப் பேசினேன். டிரெயினிங்கில் சேர என் அப்பாவிடம் அழுததைப் பேசினேன். உங்கள் வளையம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் உங்கள் வேலை போகாது, என் வேலை போகும் என்று சொன்னேன். அவர் கையில் ஒரு துண்டுத் தோலை வைத்து மடக்கி மடக்கி விரித்துக்கொண்டிருந்தார். சாப்பிடாமல் படுத்தோம்.

வியாழக்கிழமை கோழி கூவும்போதே கிளம்பிவிட்டேன். அவரை எழுப்பவில்லை. மைசூர்ப் பக்கம் மழை பெய்திருந்தது போல, வருஷக்கணக்கில் மணலாகவே கிடந்த பாலாற்றில் அன்று பார்த்து முழங்காலளவு தண்ணீர். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கிக் கடந்தேன். ஏழரைக்கெல்லாம் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். பெருக்கினேன், கரும்பலகையைத் துடைத்தேன், தேதி எழுதினேன். அப்போதுதான் ஞாபகம் வந்தது. இன்ஸ்பெக்டரிடம் காட்டப் பிள்ளைகள் மூன்று மாதமாகத் தைத்த தையல் துணிகள் ஒரு மூட்டையாகக் கட்டி வீட்டில் பெட்டிமேல் இருந்தன. சண்டை போட்ட அவசரத்தில் விட்டுவிட்டு வந்திருந்தேன்.

அது ஒன்று என்றால், பிள்ளைகள் இன்னொன்று. வேர்க்கடலை பிடுங்குகிற காலம். பதிவேட்டில் இருபத்தெட்டுப் பெண்கள். ஒன்பது மணிக்கு வந்திருந்தது பதினொன்று. மீதிப் பேரைக் கேட்டால், "மல்லாட்ட புடுங்கப் போயிருக்குதுங்க டீச்சர்," என்று ஒரே பதில். ஒன்பதரைக்கு ஜட்காவில் துரைசாணி அம்மாவும் இன்ஸ்பெக்டரும் வந்து இறங்கினார்கள். இன்ஸ்பெக்டர் டர்பன் கட்டிய பெரிய மனிதர். முதலில் பதிவேட்டைத் திறந்தார். பிறகு தலையை நிமிர்த்திப் பிள்ளைகளை எண்ணினார். ஒருமுறை எண்ணியது போதவில்லை என்று பென்சிலால் சுட்டி மறுபடியும் எண்ணினார். துரைசாணி அம்மா ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். நான் கரும்பலகையில் தேதியை அழித்துவிட்டு அதையே மறுபடியும் எழுதினேன்.

"பாடம் ஆரம்பிக்கலாம்," என்றார் இன்ஸ்பெக்டர்.

அந்தப் பதினொரு பேரில் ஒருத்தி கெட்டிக்காரி. குயவர் வீட்டுப் பெண். பின்னக் கணக்கை நான் சொல்லி முடிப்பதற்குள் போட்டுவிடுவாள். அவளை வைத்துத்தான் நான் எல்லாவற்றையும் நம்பிக்கொண்டிருந்தேன். எழுந்து நின்று கணக்கைப் போட்டு, சிலேட்டைத் தூக்கிப் பிடித்தாள். இன்ஸ்பெக்டர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அவள் பக்கம் குனிந்தார். அப்போதுதான் வெளியே நாய்கள் குரைக்க ஆரம்பித்தன.

நடந்ததை என் வீட்டுக்காரர் சொல்லிப் பிறகு தெரிந்துகொண்டேன். காலையில் எழுந்தவர் பெட்டிமேல் மூட்டையைப் பார்த்திருக்கிறார். பார்த்ததும் பதறிப்போய், நடந்தால் நேரத்துக்குப் போக முடியாது என்று, மூட்டையைக் கழுத்தில் கட்டிக்கொண்டு வளையத்துக்குள் ஏறிவிட்டார். பச்சைத் தோல் வாசனைக்கு ஆம்பூர் நாய்கள் எல்லாம் கூடவே கிளம்பிவிட்டன. ஷாப்பில் தோலிலிருந்து சுரண்டிப்போடுகிற ஜவ்வு தின்று கொழுத்த நாய்கள் அவை, வாசனை தெரியாதவை இல்லை. ஆற்றில் நாலு பேரைப் பிடித்து வளையத்தைத் தண்ணீரில் உருட்டிக் கடத்தியிருக்கிறார். ஆம்பூர் நாய்கள் கரையோடு நின்றுவிட்டன. அக்கரை நாய்கள் பொறுப்பேற்றுக்கொண்டன. கரைமேட்டில் ஏறிவிட்டால் அங்கிருந்து பள்ளிக்கூடம்வரை இறக்கம். தண்ணீரில் ஊறிய தோல், நூறு பேர் மறந்துபோனதை அங்கே ஞாபகப்படுத்தியது. இளகித் தையல் விட்டு, வளையத்திலிருந்து கழன்று, ஒரு முனை மட்டும் மாட்டிக்கொண்டு பின்னால் நாலு முழத்துக்கு இழுபட்டு வந்தது. அதை நாலைந்து நாய்கள் பல்லால் பிடித்திருந்தன. வளையம் கடகடவென்று கல்லில் அடித்துக்கொண்டு வந்தது. கடலைக் காட்டில் குனிந்திருந்தவர்கள் எல்லோரும் நிமிர்ந்துவிட்டார்கள். நிமிர்ந்தவர்கள் ஓடிவரவும் ஆரம்பித்துவிட்டார்கள்.

புளியமரம் அவரை நிறுத்தியது. அவருக்குத் தெரிந்த ஒரே பிரேக் அதுதான் என்றாகிவிட்டது. உள்ளே இரண்டு சுற்றுச் சுற்றி, வெளியே விழுந்து, கழுத்தில் மூட்டையோடு எழுந்து நின்றார். சட்டையெல்லாம் சேறு. முட்டியில் ரத்தம். "டீச்சரம்மா, துணிய மறந்துட்டு வந்துட்ட," என்று மூட்டையை நீட்டினார்.

வாசல் முழுக்கக் கூட்டம். ஆடு, நாய், கூலிக்காரர்கள், அவர்கள் கை இடுக்குகளில் என் பள்ளிக்கூடத்துப் பெண்கள். கையெல்லாம் மண், மடியெல்லாம் கடலை. இன்ஸ்பெக்டர் பென்சிலோடு வாசலுக்கு வந்தார். "யார் இந்தப் பிள்ளைகள்?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் இவர், "எல்லாம் டீச்சரம்மாவோட பிள்ளைங்கதான் சார்," என்றார். மறுபடியும் பதிவேட்டைத் திறந்து பெயர் கூப்பிடச் சொன்னார்கள். இருபத்தெட்டுப் பேரும் உள்ளேன் என்றார்கள். பள்ளிக்கூடம் திறந்ததிலிருந்து முழு வருகை இருந்தது அந்த ஒரு நாள்தான்.

நல்லது, இனி பாடம் கேட்பார்கள் என்று நான் நினைத்தேன். இன்ஸ்பெக்டர் வளையத்தின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். இந்த உருளை எதற்கு, இந்தச் சட்டம் எப்படிச் சுழல்கிறது, வளைவில் எப்படித் திருப்புவது என்று ஒரு மணி நேரம் கேட்டார். இவர் ஒரு மணி நேரம் சொன்னார். திருப்ப முடியாது என்பதைக்கூட மிக விவரமாகச் சொன்னார். மிஷன் சங்கிலியை மிஷன் அம்மாளுக்கே தொட்டுக்காட்டினார். நல்ல விதமாகப் பயன்படுகிறது என்று அவரும் மகிழ்ந்தார். இன்ஸ்பெக்டருக்கும் இவருக்கும் மோர் கொண்டுவரச் சொன்னார்கள். கொண்டுவந்தேன். உள்ளே எட்டிப் பார்த்தபோது குயவர் வீட்டுப் பெண் இன்னும் சிலேட்டைத் தூக்கிப் பிடித்தபடி நின்றிருந்தாள். உட்காரச் சொன்னேன். தையல் மூட்டையை யாரும் கேட்கவில்லை. பிரித்துப் பார்த்தால் எல்லாத் துணியிலும் எருமைத் தோல் நாற்றம்.

இன்ஸ்பெக்டர் எழுதிவைத்துப்போன குறிப்பை நான் படித்தேன். என்னைப் பற்றி ஒரு வரி. ஆசிரியை பரவாயில்லை, வருகை மிகத் திருப்தி. ஆசிரியையின் கணவரைப் பற்றி ஒன்பது வரி. எண்ணித்தான் சொல்கிறேன். அந்த ஒரு வரியே எனக்குப் போதுமானதாக இருந்தது. மாதம் திரும்புவதற்குள் நிரந்தர உத்தரவு வந்தது.  வீட்டுக்கு வரும் வழியில் ஆற்று மணலில் உட்கார்ந்து இரண்டு தரம் படித்தேன்.

சரியாகப் பத்து நாள் கழித்து இவருக்கு ஒரு கடிதம் வந்தது. ஆம்பூரிலிருந்து ஒரு நாள் பயணத்தில், கலவை என்ற ஊர்ப் பக்கம் மிஷன் ஒரு தொழிற்பள்ளி ஆரம்பிக்கிறதாம். பையன்களுக்கு மரவேலையும் இயந்திர வேலையும் சொல்லித்தர ஒருவர் வேண்டுமாம். இன்ஸ்பெக்டரின் ஒன்பது வரியை அங்கே யாரோ படித்திருக்கிறார்கள். வீடு கொடுப்பார்கள். வளையத்தையும் கொண்டுவந்தால் மாணவர்களுக்குக் காட்ட உதவும் என்று எழுதியிருந்தது. நிறுத்தத் தெரியாத ஒரு வண்டியை, என் வண்டியை உடைத்துச் செய்ததற்கு, இதைவிட நல்ல சன்மானம் யாருக்கும் கிடைத்திருக்காது.

"நான் வரலை," என்றேன்.

"அங்க வீடு குடுக்குறாங்க, டீச்சரம்மா."

"பொம்பளப் பிள்ளைங்களுக்குப் பள்ளிக்கூடம் இருக்குதா?"

"விசாரிக்கணும்."

அவர் விசாரிக்கவில்லை. நான் விசாரித்தேன். இல்லை. துரைசாணி அம்மாவிடம் போய் நின்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, கணவருக்குத் துணையாயிருப்பதும் ஓர் ஊழியமே, மகளே, என்றார். தனியாக ஒரு பெண்ணை ஆம்பூரில் விட்டுவைக்க மிஷனுக்குச் சட்டம் இல்லையாம். அவர் கல்யாணம் ஆகாமல் ஏழு கடல் தாண்டித் தனியாக வந்திருந்தவர். அதை நான் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். பள்ளிக்கூடத்துக்கு எனக்குப் பதிலாக யார் வருகிறார்கள் என்று மட்டும் கேட்டேன். பார்க்கலாம் என்றார்.

எனக்கு என் வீட்டுக்காரர்மேல் கோபம். இத்தனை வருஷம் கழித்தும் அது தீரவில்லை. ஆனால் அன்று காலையில் மூட்டையைக் கழுத்தில் கட்டிக்கொண்டு அவர் கிளம்பியது எனக்காகத்தான். அதுதான் பேஜார். கெட்ட எண்ணத்தோடு செய்திருந்தால் சண்டை போட்டுத் தீர்த்திருப்பேன்.

அவருக்கு இங்கிலீஷ் எழுத வராது. வேலையை ஏற்றுக்கொள்கிறேன் என்று மிஷனுக்கு எழுத வேண்டியிருந்ததால், என்னிடம்தான் தாளை நீட்டினார். உட்கார்ந்து எழுதினேன். மிக்க நன்றியோடு ஏற்றுக்கொள்கிறேன் என்று அவருக்காக எழுதினேன். மை காய்வதற்குள் இன்னொரு தாளை எடுத்து, என் வேலையை ராஜிநாமா செய்கிறேன் என்று எனக்காக எழுதினேன். இரண்டுக்கும் மிஷன் விலாசம்தான். இரண்டையும் உறையில் போட்டு ஒட்டிப் பலகைமேல் வைத்தேன். அவர் குளித்து, நல்ல சட்டை போட்டுக்கொண்டு வந்து, இரண்டு உறைகளையும் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுல என்னுது எது, டீச்சரம்மா?"

காட்டினேன். அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு சட்டைப்பையில் வைத்தார். மற்றதை அக்குளில் இடுக்கிக்கொண்டு தபாலாபீசுக்குக் கிளம்பினார்.